டெப்பில் 180, முதுகில் 110: நான்கு வருட அனுபவம்

கொழும்பில் ஒரு கட்டடத் தொகுதியின் சொந்தத் தீயணைப்புக் குழுவில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். பதினெட்டு மாடி, கீழே இரண்டு பேஸ்மென்ட். 110க்கு அடித்தால் மாநகர சபைத் தீயணைப்புப் படை வரும். ஆனால் மாலை நேர நெரிசலைத் தாண்டி அவர்கள் வந்து சேரும்வரை முதல் நிமிடங்கள் எங்கள் கையில்தான்.

2021 கடைசியில் எங்களுக்கு எட்டு புது பி.ஏ. செட் (புகைக்குள் மூச்சு விட உதவும் கருவி) வந்தது. முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க், அது பழைய கதை. புதிது என்னவென்றால், ஒவ்வொரு செட்டும் தன் காற்றழுத்தத்தையும், போட்டிருப்பவர் அசைகிறாரா இல்லையா என்பதையும் இருபது செக்கனுக்கு ஒருமுறை வெளியே என் கையிலுள்ள டெப்புக்கு (டெப்லெட் கணினி) அனுப்பும். கம்பனிப் பெயர் வேண்டாம். வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம் என்பதால், நான்கு வருடம் பாவித்ததை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் சிலிண்டர் 6.8 லீட்டர், நிரப்பினால் அழுத்தம் 300 பார். கிட்டத்தட்ட 2,040 லீட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லீட்டர் என்று கணக்குப் போட்டால், காற்று குறைந்துவிட்டது என்று 55 பாரில் எச்சரிக்கை விசில் அடிக்கும்வரை நாற்பது நிமிடம் வரும். வருடக்கணக்காக இந்த நாற்பதைத்தான் பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் ஆறு மாதப் பயிற்சித் தரவைத் திறந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எங்கள் குழுவில் ஒருவர்கூட நாற்பதைத் தொடவில்லை. ஜிம்முக்குப் போய் உடம்பு வளர்த்த தம்பிக்கு 23 நிமிடத்தில் விசில். எனக்கு 29. செக்கியூரிட்டியிலிருந்து மாறி வந்த, ஐம்பதைத் தாண்டிய ஐயா ஒருவர் மட்டும் 34 நிமிடம் இழுத்தார். அவர் கதைப்பதே குறைவு, மூச்சும் அப்படித்தான் போல.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, சோடி சேர்ப்பது. முன்பு ஷிஃப்ட்டில் யார் நிற்கிறார்களோ அவர்கள் போவார்கள். இப்போது சோடியில் வேகமாக மூச்சு வாங்குபவரின் கணக்கில்தான் இருவருக்கும் நேரம். இரண்டாவதுதான் பெரியது. ஹோஸைத் தூக்கிக்கொண்டு மாஸ்க்கோடு ஒன்பதாம் மாடி ஏறினால், கதவைத் தொடுவதற்கு முன்பே 45 பார் போய்விடுகிறது என்று தரவு காட்டியது. இப்போது தீ உள்ள மாடிக்கு இரண்டு மாடி கீழே, புகை இல்லாத இடத்தில் நின்றுதான் மாஸ்க் போடுகிறோம். உதிரிச் சிலிண்டர்களும் மேல்மாடிகளுக்குப் போய்விட்டன. தெரிந்த பாடம்தான், புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த 45ஐக் கண்ணால் பார்க்கும்வரை நிர்வாகம் மேல்மாடியில் ஒரு அலுமாரிக்கு இடம் தரவில்லை.

சரி, இனி மற்றப் பக்கம்.

2023இல் ஒரு இரவு, இரண்டாம் பேஸ்மென்ட்டில் காட்போர்ட் கட்டுகள் பற்றிக்கொண்டன. ஸ்பிரிங்க்ளர் தீயை அடக்கிவிட்டது, ஆனால் ஈரக் காட்போர்ட்டின் புகை தெரியும்தானே, கை நீட்டினால் கை தெரியாது. இரண்டு பேரை இறக்கிவிட்டு, சரிவுப் பாதையின் வாயிலில் டெப்போடு நின்றேன். ஜிம் தம்பிக்கு 180. போதும், வேலை செய்யட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், 180. பிறகும் 180. ‘பரவாயில்லை, நிதானமாக மூச்சு விடப் பழகிவிட்டான்’ என்று நினைத்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் நின்று, உள்ளே போனவர்களின் நேரத்தையும் காற்றையும் பென்சிலால் போர்டில் எழுதிக்கொண்டிருந்த ஐயாதான், "தம்பி, இது ஆறு நிமிஷமா மாறேல்லையே" என்றார். திரையின் மூலையில் அரிசியளவு சாம்பல் நிறக் குறி. சிக்னல் அறுந்து, கடைசியாக வந்த இலக்கம் அப்படியே நின்றிருக்கிறது. வோக்கியில் "எளியட்ட எண்ட, எளியட்ட எண்ட" (வெளியே வா) என்று சிங்களத்தில் கத்தினேன். அவன் தன் தோளிலிருந்த மீட்டரைப் பார்த்து ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தான். அப்போது அவனிடம் 110. இலக்கமே இல்லாமல் இருந்திருந்தால் நான் ஒவ்வொரு நிமிடமும் வோக்கியில் கேட்டிருப்பேன்.

கொங்கிறீட்டும் கம்பியும் சேர்ந்த நிலக்கீழ்த் தளத்தில் ரேடியோ சிக்னல் செத்துப்போவது புதினமில்லை. ஆனால் சிக்னல் போனால் இலக்கம் மறைய வேண்டும் என்ற சின்ன விஷயம், விற்றவர்கள் தந்த அமைப்பில் இல்லை. சண்டை பிடித்து மாற்றினோம். இப்போது ஒரு நிமிடம் தகவல் வராவிட்டால் வெறும் கோடு காட்டும். பேஸ்மென்ட்டில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றும் பூட்டினோம், அனுமதிக் கடிதங்களுக்கே மாதக்கணக்கு. அப்புறம் 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுக்க இருளாக்கிய ஞாயிற்றுக்கிழமை. ஜெனரேட்டர் எடுத்துவிட்டது, ஆனால் ரிப்பீட்டர் மறுபடி விழித்தெழ நான்கு நிமிடம். அதற்கு யூ.பி.எஸ். வைக்க வேண்டுமென்று அந்தக் குரங்குதான் சொல்லித் தந்தது.

அசையாவிட்டால் அலறும் அலாரம் நல்லது, ஆனால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் சும்மா நின்றாலும் அலறும். அதனால் எல்லோரும் நின்றபடியே இடுப்பை ஆட்டப் பழகிவிட்டார்கள். பார்க்கச் சிரிப்பு. வெப்பக் கெமராவின் படம் டெப்புக்கு விட்டு விட்டுத்தான் வருகிறது, அதை நம்பி முடிவெடுப்பதில்லை. கெமரா கண்ணாடிக்கு அப்பால் பார்க்காது, உங்கள் உருவத்தையே திருப்பிக் காட்டும் என்பதைப் புதியவர்களுக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று. மேலே இருந்த ஒருவருக்கு, காற்றுக் கணக்கைச் சம்பள உயர்வு மதிப்பீட்டில் சேர்க்கலாமென்று யோசனை வந்துவிட்டது. செய்தி பரவிய அடுத்த பயிற்சியிலேயே எல்லோருடைய இலக்கமும் அழகாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம். மாஸ்க்கைக் கழற்றிய ஒரு பொடியன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்: "அண்ணை, தலை இடிக்குது." மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறான். அப்படி விட்டால் உடம்பில் கரியமிலவாயு ஏறும், தலைவலி, பிறகு குழப்பம், புகைக்குள் குழம்பினால் கதை முடிந்தது. அன்றிலிருந்து மேலே போகும் அறிக்கையில் பெயர் இல்லை, எண் மட்டும். யார் எந்த எண் என்பது என் கொப்பியில்.

செலவு பற்றிச் சுருக்கமாக: வருடச் சந்தா டொலரில். 2022இல் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது கணக்காளர் என்னைக் கண்டால் பாதை மாறி நடந்தார். மென்பொருள் முழுக்க ஆங்கிலம். கடற்காற்றும் ஈரமும் சென்சர் பற்றரியின் முனைகளைப் பச்சையாக்கும், மாதமொருமுறை துடைக்காவிட்டால் தொல்லை.

என்னைக் கேட்டால், பயிற்சிக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தீயில் இது இரண்டாவது கண்தான், போர்ட்டும் பென்சிலும் இன்னும் வாயிலில் தொங்குகின்றன. ஐயா ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது போர்ட் எழுதுவது ஜிம் தம்பி. அடுத்த மாதம் சந்தா புதுப்பிக்க வேண்டும். எட்டுச் செட்டுக்குப் பதிலாக ஆறுக்கு மட்டும் கட்டிவிட்டு, மிச்சக் காசில் உதிரிச் சிலிண்டர் கேட்டு எழுதியிருக்கிறேன். மேலிருந்து இன்னும் பதில் வரவில்லை.