சூடோவா, ரூட் ஷெல்லா?

லினக்ஸ் அமைப்புக் குறிப்பு எழுதுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி தேவையான ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் 'சூடோ' (sudo: அந்த ஒரு கட்டளையை மட்டும் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது) போடும். மற்றது, 'ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்காக) நுழைந்துகொள்ளுங்கள்' என்று தொடக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு, பிறகு கட்டளைகளை மொட்டையாக எழுதும். ரூட் ஓட்டுவதற்கு #, சாதாரணப் பயனர் ஓட்டுவதற்கு $ என்று முன்னால் ஒரு குறி மட்டும் இருக்கும்.

அந்த # நகலெடுத்து ஒட்டுபவருக்குப் பொறி. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லில் # குறியுடன் தொடங்கும் வரி வெறும் கருத்துரை. ஒட்டி எண்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது, பிழைச்செய்தியும் வராது. வேலை முடிந்தது என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடுவார். $ குறியை ஒட்டினாலாவது 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று ஷெல் முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

ரூட்டாக நுழைவதும் எல்லா லினக்ஸ் வகையிலும் ஒன்றல்ல. உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே வரும், வேறு கணக்குக்கு மாறும் 'எஸ்யூ' (su) கட்டளை பலிக்காது. டெபியனிலோ, நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கொடுத்துவிட்டால் முதல் பயனருக்கு சூடோ உரிமை கிடைக்காது. 2019இல் வந்த டெபியன் 10 முதல் இன்னொரு வம்பு: வெறும் 'எஸ்யூ' தட்டி நுழைந்தால் பயனர் கணக்கை மாற்றும் 'யூசர்மாட்' (usermod) போன்ற கட்டளைகளை ஷெல் கண்டுபிடிக்காது. 'எஸ்யூ -' என்று ஒரு கோடு சேர்க்க வேண்டும். அந்தக் கோட்டை விழுங்கிய குறிப்புகள் எத்தனையோ.

சூடோ கட்சியிலும் ஓட்டை உண்டு. 'சூடோ எக்கோ' (எக்கோ, கொடுத்த வரியை அப்படியே வெளியிடும் கட்டளை) என்று எழுதி '>>' குறியால் ரூட்டுக்குச் சொந்தமான ஒரு கோப்பில் வரி சேர்க்கப் பார்த்தால் அனுமதி மறுக்கப்படும். கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, பயனரின் ஷெல். அதற்குத்தான் 'சூடோ டீ -ஏ' (sudo tee -a): இங்கே கோப்பைத் திறக்கும் 'டீ' கட்டளையே ரூட்டாக ஓடும். அதில் '-ஏ' விட்டுப்போனால் பழைய வரிகள் எல்லாம் அழிந்து, புதிய வரி மட்டும் மிஞ்சும். வட்டுகளை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் என் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பை இப்படித்தான் இழந்தேன். (ரூட் ஷெல்லில் '>>' இருக்க வேண்டிய இடத்தில் '>' போட்டாலும் இதே கதிதான்.)

பிறர் கணினியில் ஓடப்போகும் குறிப்பென்றால் என் ஓட்டு சூடோவுக்கு. எந்த வரிக்கு அதிகாரம் வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. ஆர்ச் லினக்ஸ் நிறுவுவது போல முதலிலிருந்தே ரூட்டாக நடக்கும் வேலையில் அது வெறும் சுமை.

பொறுக்க முடியாதது கலப்படம். ஏழாம் படி வரை சூடோ, எட்டாம் படியில், தொலைக் கணினிக்குள் நுழைவதற்கான சாவியை உருவாக்கும் 'எஸ்எஸ்எச்-கீஜென்' (ssh-keygen) மட்டும் மொட்டையாக நிற்கிறது. எழுதியவர் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? மறந்திருப்பார் என்று நினைத்து வாசகர் சூடோவைச் சேர்த்தால், சாவி ரூட்டின் வீட்டுக் கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவரோ தன் கோப்புறையில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.