டிஎன்ஏ கிட்: ஊரைத் தேடினேன், ஆள் கிடைத்தார்

வாயில் எடுத்த மாதிரியை அனுப்பினால் டிஎன்ஏ ஒத்துப்போகும் சொந்தங்களைக் காட்டும் இந்த டிஎன்ஏ கிட்டை வாங்கியதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஊர் தெரிஞ்சுதா?" தெரியவில்லை. மலேசியத் தமிழர்களில் பலர் இதை வாங்க நினைப்பதே தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று பார்க்கத்தான். அதற்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள். குடும்பத்தில் யாராவது காணாமல் போயிருக்கிறார்கள், அவர்கள் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. அவர்களோடு எனக்குச் சந்தா விஷயத்தில் ஒரு சண்டை உண்டு, பிறகு சொல்கிறேன். எப்படியும் பெரிய கம்பெனிகளின் கிட்டெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. போட்டிருக்கும் விலைக்கு வாங்க வேண்டாம். பண்டிகைக் காலத்தில் பாதிக்குப் பாதி குறைப்பார்கள். நான் எனக்கொன்று, அத்தைக்கொன்று என இரண்டு வாங்கினேன். தபால் செலவு தனி.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டியவர். இந்தச் சோதனைக்கு முதலில் வீட்டில் மூத்தவரைப் பிடிக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் டிஎன்ஏ சராசரியாக எட்டில் ஒரு பங்குதான் நமக்கு வருகிறது. அத்தைக்கு அவர் தாத்தா, நாலில் ஒரு பங்கு. ஒரு தலைமுறை மேலே போனாலே தூரத்துச் சொந்தங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சில கம்பெனிகள் ஒரு குழாய் கொடுத்து, கோடு வரைக்கும் எச்சில் துப்பச் சொல்கின்றன. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்து கிடக்கும், அது பெரிய அவஸ்தை. அதனால் கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கும் குச்சி வருகிற கிட்டாகப் பார்த்து எடுத்தேன். தேய்ப்பதற்கு முன்னால் குறைந்தது அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. அத்தைக்கு வெற்றிலை இல்லாமல் அரை மணி நேரம் என்பது விரதம் மாதிரி. வாயைக் கொப்பளிக்கவைத்து, வெற்றிலைப் பெட்டியை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

"எச்சில பாத்து எங்க சித்தப்பன கண்டுபிடிச்சிருவானுங்களாடா?"

"பேசாதீங்க அத்தை, இன்னொரு பக்கம் தேய்க்கணும்."

ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி. தேய்த்ததும் நுனியை ஒடித்துச் சின்னக் குப்பியில் இருக்கும் திரவத்துக்குள் போட்டு மூட வேண்டும். குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை இணையத்தில் அவரவர் பெயரில் பதிவதுதான் முக்கியம். ஒரே வீட்டில் இரண்டு கிட் என்றால் குப்பிகள் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் எல்லாரும் முதலில் திறப்பது அந்த வண்ண வரைபடத்தைத்தான். எனக்குத் 'தென்னிந்தியா, இலங்கை' என்று தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம், மிச்சம் வட இந்தியப் பக்கம். சில மாதம் கழித்து அவர்களே கணக்கை மாற்றினார்கள், சதவீதமும் மாறிவிட்டது. என் ரத்தம் மாறவில்லை, அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகள் மாறின, அவ்வளவுதான். ஜில்லா, தாலுகா எல்லாம் இதில் கேட்காதீர்கள். கண்ணாடியைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு இது கொஞ்சம் விலை அதிகம்.

சரக்கு எல்லாம் உறவினர் பட்டியலில்தான் இருக்கிறது. உங்களோடு டிஎன்ஏ ஒத்துப்போகிற ஆட்களை வரிசையாகப் போட்டு, எத்தனை சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அளவு) பொதுவாக இருக்கிறது என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை பிள்ளைகளோடு சராசரியாக 850-ஐ ஒட்டி வரும். அதற்கு அடுத்த சுற்றில், அதாவது தாத்தா பாட்டியோடு பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளோடு, 230-ஐ ஒட்டி, அதற்கும் அடுத்ததில் 70 சொச்சம். இந்த மூன்றாம் சுற்றில் பத்தில் ஒருவரோடு ஒன்றுமே ஒத்துவராமலும் போகலாம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாதவர்களுக்குப் போட்டது. என் தாத்தா கட்டியது அவருடைய மாமன் மகளை. அப்படியென்றால் அத்தைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். இதையே நாலைந்து தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறோம், சிலர் அக்காள் மகளையே கட்டியிருக்கிறார்கள். அதனால் எங்கோ தூரத்தில் இருப்பவரோடுகூட துண்டு துண்டாக நிறைய ஒத்துப்போகும், கம்பெனியும் அவரை நெருங்கிய சொந்தம் என்று காட்டிவிடும். மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல், மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சமீபத்திய உறவென்றால் நீளமான துண்டுகள் இருக்கும். பழைய கலப்பென்றால் எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும்.

அத்தையின் பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர்கள் அநேகமாக இல்லை. அங்கே இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் அவ்வளவு குறைவு. வந்தவர்கள் எல்லாரும் டர்பன், மொரிஷியஸ், ரீயூனியன், டொராண்டோ என்று கடல் தாண்டிப் போனவர்கள். டர்பனில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மொத்தம் 112 சென்டிமார்கன். கம்பெனி கிட்டத்துச் சொந்தம் என்றது. நீளமான துண்டோ 17தான். ஆகவே தூரம்தான். இருந்தாலும் அந்த அம்மாவிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் கப்பல் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மலாயாவுக்குக் கூட்டி வந்த எங்கள் ஆட்களுக்கு அந்த மாதிரி ஒரு வரிகூட என் கைக்குக் கிடைத்ததில்லை. அந்த ஆசிரியையின் முப்பாட்டன் வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. கிராமத்தின் பெயரை வெள்ளைக்காரன் எழுதியிருக்கும் அழகில் அது மூன்று ஊரில் எதுவாகவும் இருக்கலாம். எங்கள் தாத்தா "வேலூர் பக்கம்" என்று சொல்வாராம். ஒத்துப்போகிறது, ஆனால் இதை வைத்து ஊர் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பட்டியலில் முதலில் நின்றவர் வேறு. 438 சென்டிமார்கன், நீளமான துண்டு 64. இருப்பது சிரம்பானில், என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

அத்தை கேட்ட அந்தச் சித்தப்பாவை 1943-ல் ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப்போனான். தோட்டங்களிலிருந்து அப்படிப் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவே இல்லை, அவரும் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு நின்ற சின்னம்மாவைப் பிறகு வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதாகப் பேச்சு. அதற்கப்புறம் தொடர்பே இல்லை. சிரம்பான்காரர் அந்தக் குழந்தையின் மகன். ஆஸ்திரேலியாவில் படிக்கும் மகள் விளையாட்டாக வாங்கிக் கொடுத்த கிட்டாம். நான் செய்தி அனுப்பி ரொம்ப நாள் பதிலே வரவில்லை (பாதிப் பேர் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை). அவருடைய அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் 'த/பெ' என்பதற்கு அப்புறம் இருந்த பெயர், வளர்த்தவரின் பெயர் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது அத்தையின் சித்தப்பா பெயர்தான். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒரு எழுத்தை மாற்றி எழுதியிருந்தார்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது 190 மட்டுமே. அத்தை குச்சியைத் தேய்க்காமல் இருந்திருந்தால் அவரை நான் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். இப்போது வந்து "அத்தை" என்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போகிறார். ஆனால் அவருடைய அப்பாவோடு பிறந்து வளர்ந்த மற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். அது அவர் வீட்டு விஷயம். கிட் பெட்டியில் இதைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். பட்டியலைச் சும்மா காட்டுவார்கள். ஒருவரின் குடும்ப மரத்தை முழுதாகப் பார்க்கச் சந்தா கேட்பார்கள், அதுவும் 'முதல் சில நாள் இலவசம்' என்று. கெடு முடிவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லியும் கார்டில் ஒரு வருடப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க நாலைந்து கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. சோதனைக்கு நல்ல மார்க் போடலாம், கணக்குப் பிரிவுக்குப் பூஜ்யம்.

பாஸ்வேர்டை மட்டும் வேறெங்கும் உபயோகிக்காத ஒன்றாக வையுங்கள். 2023-ல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ சோதனைக் கம்பெனியில் திருடர்கள் நேராகப் புகுந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான், மற்ற இடங்களில் கசிந்த பாஸ்வேர்டை வைத்து. அங்கிருந்து உறவினர் பட்டியல் வழியாகவே 69 லட்சம் பேரின் விவரத்தை அள்ளிவிட்டார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுவும் போட்டது. அதனால் எங்கள் இரண்டு பேருடைய மூலத் தரவையும் (சோதனையில் கிடைத்த டிஎன்ஏ விவர ஃபைல்) இறக்கி வைத்துக்கொண்டேன். வேறு கம்பெனியில் வாங்கியவர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஃபைலை ஜெட்மேட்ச் மாதிரியான தளத்தில் ஏற்றலாம். 2018-ல் கலிஃபோர்னியா போலீஸ் ஒரு பழைய தொடர் கொலைகாரனைப் பிடிக்க அங்கே இருந்த சொந்தக்காரர்களின் டிஎன்ஏவையும் பயன்படுத்தியது என்பதையும் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். நான் அத்தையிடம் கேட்டுவிட்டு ஏற்றினேன். சிரம்பான்காரர் இன்னும் ஏற்றவில்லை, மகளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.