‘மாமா’வை வைத்துச் சோதித்த ஒரு சொற்பிறப்புச் செயலி

பல மொழிகளில் சொற்களின் வேரைத் தேடித் தருவதாகக் கூறும் ஒரு கைபேசிச் செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிய அகராதி எது கைக்கு வந்தாலும், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை முதலில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்ட சொல் ‘மாமா’.

திரட்டித் தருவதில் செயலியைக் குறை சொல்ல முடியாது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. தாயை அங்கே ‘தெதா’ என்கிறார்கள். சிங்களத்தில் ‘மம’ என்பதற்கு ‘நான்’ என்று பொருள். சுவாகிலியிலும் சீனத்திலும் அது தாயைக் குறிக்க, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பிட்ஜன்ட்ஜட்ஜாராவில் மறுபடியும் தந்தையாகிவிடுகிறது. ஜார்ஜியத்தில் குறில், நெடில் என்ற பாகுபாடு இல்லாததால் அச்சொல்லைத் தமிழில் ‘மாமா’ என்று எழுதுவதா, ‘மம’ என்று எழுதுவதா என்ற ஐயம் எழும். ஒலிப்பதிவும் உடன் இருப்பதால் அதைக் காதே தீர்த்துக்கொள்கிறது.

பிசகு அடுத்த திரையில் தொடங்குகிறது. இத்தனை சொற்களையும் ஒரே நிறக் கோடுகளால் இணைத்து, ஒரே வேரில் பிறந்தவை என்ற பொருளில் மேலே ‘உறவுச் சொற்கள்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். பால் குடிக்கும் குழந்தை வாயைத் திறக்காமலேயே எழுப்பக்கூடிய மூக்கொலி ‘ம’ என்பதையும், அந்த முனகலுக்குப் பெரியவர்களே பொருள் கற்பித்துக்கொள்கிறார்கள் என்பதையும் மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் விளக்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே ஜார்ஜியத் தந்தைக்கும் சுவாகிலித் தாய்க்கும் இடையே உறவு எதுவும் இல்லை. ‘தேநீர்’ என்பதில் உள்ள ‘தே’யின் கதை வேறு. அது சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் வழங்கிய ‘தே’ என்ற சொல், டச்சு வணிகர்களின் கப்பலேறி ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குப் போன உண்மையான பயணம். செயலியோ இதற்கும் அதே கோட்டைத்தான் போடுகிறது.

இத்தனைக்கும் இந்த வேறுபாடு செயலிக்குத் தெரியாததன்று. ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர் என்று மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் பதிவு செய்ததை அழகாக எடுத்துக்கூறி, அது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அன்று, அண்டை மொழியான யிடினியில் இன்றும் ‘குடகா’ என வழங்கும் பழஞ்சொல்லே தேய்ந்து அப்படியானது என்று பொறுமையாக விளக்குகிறது. செயலியில் அந்த விளக்கத்தை எழுதியவரையே ‘மாமா’வுக்கும் உட்கார வைத்திருக்கலாம்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தமிழ்ப் பகுதிதான். ‘மாமா: தாயின் சகோதரன்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிட்டார்கள். தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் ஆகிய மூவரும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்குவது, மாமன் மகளையும் அத்தை மகளையும் மணமுறையாகக் கொள்ளும் உறவமைப்போடு பின்னிப் பிணைந்தது. தாய்மாமனை நம்மைப் போலவே ‘மாமா’ என்றழைக்கும் இந்தியில், மற்ற இருவருக்கும் ‘பூஃபா’, ‘சசுர்’ எனத் தனிச்சொற்கள் உண்டு. ஒலி ஒன்றாக இருந்தும் பொருளின் எல்லை மாறுகிற இந்த இடத்தைக் காட்டாத சொற்பிறப்பு அகராதியால் யாருக்குப் பயன்? கணவனை ‘மாமா’ என்று அழைக்கும் வழக்கும், அதே சொல் வசவாக மாறும் இடமும் அடியோடு விடுபட்டிருக்கின்றன. ‘மாமாவுக்கு’ என்று வேற்றுமை உருபோடு தேடினால் முடிவே வருவதில்லை என்பது தனிக்குறை.

விடுபட்ட பொருள்களை எழுதி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ‘மாமனார்’ மட்டும் சேர்ந்தது. கோடுகளை எவரும் தொடவில்லை. இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.