கெர்னலை வெட்டுவது: லோக்கல்மாட்கான்ஃபிக்கா, டைனிகான்ஃபிக்கா?

செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவுக்கு வெள்ளிக்கொலுசுப் பட்டறை. பில் போடுவது ஒரு பழைய கணினி. 2 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். கெர்னல் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியான பூட் பகிர்வு சின்னது என்பதால் அப்டேட் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். வேண்டாததை லினக்ஸின் மையமான கெர்னலிலிருந்தே வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்து, கெர்னல் அமைப்பைச் சுருக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக், டைனிகான்ஃபிக் என்ற இரண்டு வழியையும் முயன்று பார்த்தேன்.

டைனிகான்ஃபிக்கில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தேவையானதை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கெர்னல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கற்றுக்கொள்ள அருமையான வழி. தினமும் பில் போடும் கணினியில் வைக்க மாட்டேன்.

லோக்கல்மாட்கான்ஃபிக் ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2009-இல், 2.6.32 பதிப்பில் வந்தது. எல்எஸ்மாட் கட்டளை தரும் பட்டியலைப் பார்த்து, அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டுகள்) வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். ரேம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறாத மாட்யூல் ரேமில் இடம் பிடிப்பதே இல்லை. குறைவது வட்டு இடமும் கம்பைல் நேரமும்தான்.

இதிலும் அடி வாங்கினேன். பட்டறை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியல் எடுத்தேன். திங்கள் காலை போன்: "என்னடா, பில்லுல எடையே வரலை?" தராசிலிருந்து வரும் யுஎஸ்பி சீரியல் கேபிள் ஞாயிறன்று செருகப்படவில்லை. அதனால் அந்தக் கேபிளுக்கான சிஎச்341 மாட்யூல் கழிந்துபோயிருந்தது. டெபியனின் பழைய கெர்னலில் கணினியைக் கிளப்பும் வரை ஒவ்வொரு ஜோடிக் கொலுசின் எடையையும் கையால் தட்டினார்கள். அப்புறம் பென்டிரைவும் திறக்கவில்லை, அதைப் படிக்க வேண்டிய விஃபேட் மாட்யூலும் போயிருந்தது. அடுத்த முறை தராசு, பிரின்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் செருகிவைத்து எல்எஸ்மாட் வெளியீட்டைக் கோப்பில் சேமித்தேன். வீட்டு லேப்டாப்பில் அந்தக் கோப்பைக் கொடுத்து டெபியனில் நேரே நிறுவக்கூடிய பொதியாகவே கட்டிக் கொண்டுபோனேன்.

ஆனால் கவனியுங்கள், உடைந்தது சாதனம். உடைந்தது உடனே தெரிந்தது. டைனிகான்ஃபிக்கில் உடைவது சிஸ்டம் கால், அதாவது செயலிகள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி. கணினியின் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி கேட்கும் சிகுரூப், இனோட்டிஃபை (கோப்பு மாறினால் சொல்வது), ஈபோல், டைமர்எஃப்டி எல்லாம் திறந்து கணினி கிளம்பிய பிறகும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எழவில்லை. செயலிகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள உதவும் சிஸ்டம் வி ஐபிசி அணைந்திருந்ததால், 'இப்படி ஒரு வசதியே இல்லை' என்று கெர்னல் கைவிரித்துவிட்டது. இதாவது சத்தம் போட்டது. இனோட்டிஃபை இல்லையென்றால், கோப்பைத் தொடர்ந்து காட்டும் டெயில் கட்டளை ஒரு வரி எச்சரிக்கையோடு போலிங்குக்கு (அவ்வப்போது தானே போய்ப் பார்ப்பது) மாறிவிடும்; அந்த வரியைக் கவனிக்காவிட்டால் உங்களுக்குத் தெரியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. சொந்தக் கெர்னல் வைத்தால் டெபியனின் பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது. 6.1 வரிசையில் புதுத் திருத்தம் வரும்போதெல்லாம் நாம்தான் கட்டிப் போட வேண்டும். லோக்கல்மாட்கான்ஃபிக்கில் டெபியனின் அமைப்பே அடித்தளம், உள்ளே கட்டியதை அது தொடுவதில்லை. பழைய அமைப்பைப் புதுக் கெர்னலுக்குப் பொருத்தும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கை ஓட்டிவிட்டு, தராசையும் பென்டிரைவையும் சோதித்தால் வேலை முடிந்தது. டைனிகான்ஃபிக்கில் கெர்னல் மாறாவிட்டாலும், ஏதாவது ஒரு செயலி புதுப் பதிப்புக்குப் போனாலே அதற்கு எந்த சிஸ்டம் கால் வேண்டும் என்று மறுபடி தேடல். நான் பார்த்தது இந்த ஒரு கணினிதான். ஏஆர்எம் பலகை, ரவுட்டர் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

எதைப் போட்டாலும் டெபியனின் பழைய கெர்னல் ஒன்றை, கணினி கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் விட்டுவையுங்கள். திங்கள் காலை அதுதான் கடையைத் திறக்க வைத்தது. இன்னொன்று, பூட் நிரம்புவது மட்டும்தான் பிரச்சினை என்றால் கெர்னலையே தொட வேண்டாம். பழைய கெர்னல்களை அழித்துவிட்டு, கிளம்பும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் அமைப்பில் மாட்யூல்ஸ் வரியில் 'மோஸ்ட்' என்பதை 'டெப்' (இந்தக் கணினிக்கு வேண்டியது மட்டும்) ஆக்கினாலே பெரும்பாலும் போதும். எனக்கு இது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.