சின்ன விமானப்படைக்கு எந்தப் பயிற்சி விமானம்? ஓர் என்ஜின் மெக்கானிக்கின் மதிப்பீடு

பயிற்சி விமானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானிகள். எவ்வளவு வேகம், எத்தனை ஜி (திருப்பத்தில் உடலை அழுத்தும் விசை) தாங்கும், காக்பிட்டில் எத்தனை திரை என்று எழுதுவார்கள். நான் என்ஜின் பிரிவு ஆள். பணிக்காலத்தில் பெரும்பகுதி பயிற்சிப் பிரிவின் ஹேங்கரிலேயே போனது. புது விமானம் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுடையது சின்னப் படை. பயிற்சி விமானங்கள் எல்லாம் சேர்த்தே ஒரு டஜனைத் தாண்டாது. அப்படிப்பட்ட படைக்குச் சந்தையில் இருப்பவற்றில் எது சரிவரும், எது சரிவராது என்பதைத் தரையில் நின்று பார்த்தவனாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பன்னிரண்டு விமானம் வைத்திருந்தால் காலையில் பன்னிரண்டும் பறக்காது. ஒன்று பெரிய இன்ஸ்பெக்‌ஷனில் பிரித்துப் போட்டிருக்கும். இன்னொன்று ஏதோ ஒரு ஸ்பேருக்காகக் காத்து நிற்கும். மூன்றாவதில் முந்தைய நாள் சாயங்காலம் மாணவர் எழுதி வைத்த புகார் ஒன்று தீராமல் இருக்கும். எட்டு கிடைத்தால் நல்ல நாள். அயர்லாந்து 2004இல் மொத்தமே எட்டு சுவிஸ் பிலாட்டஸ் பிசி-9எம் வாங்கியது. 2009இல் நடந்த விபத்தில் பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள், ஒரு விமானமும் போனது. உயிரிழப்பின் துயரம் ஒருபுறம். ஒரே நாளில் பயிற்சித் திறனில் எட்டில் ஒரு பங்கு குறைந்தது இன்னொருபுறம். நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் படை இதைச் சமாளித்துவிடும். சின்னப் படையில் அந்த வருட பேட்ச்சே பின்தங்கிவிடும். ஆகவே என் மதிப்பெண் முழுக்க ஒரே கேள்விக்குத்தான்: வாங்கி மூன்றாம் வருடம், கியாரண்டி முடிந்த பிறகு, காலையில் எத்தனை விமானம் பறக்கத் தயாராக நிற்கும்?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் முதல் நல்ல செய்தி என்ஜின்தான். பிசி-7, பிசி-9, பிசி-21, அமெரிக்க டி-6, பிரேசிலின் சூப்பர் டுக்கானோ, கொரியாவின் கேடி-1 எல்லாவற்றுக்கும் மூக்கில் இருப்பது பிராட் அண்டு விட்னி கனடாவின் பிடி6 டர்போப்ராப், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் என்ஜின். பழைய பிசி-7இல் 550 குதிரைத்திறன், பிசி-9லும் கேடி-1லும் 950, டி-6இல் 1,100, பிசி-21லும் சூப்பர் டுக்கானோவிலும் 1,600. குடும்பம் ஒன்றுதான். 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின். அதைத் தெரிந்த கைகள் உலகம் பூராவும் இருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பின்னால் காற்றை அழுத்தும் பகுதிக்கும் முன்னால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே நேரடியான தண்டு கிடையாது என்பது. வெறும் காற்றோட்டத்தால்தான் ஒன்று மற்றொன்றைச் சுழற்றுகிறது. அதனால் நடுவில் போல்ட்டுகளைக் கழற்றி முன்பாதியை உருவி எடுத்து, சூடான பகுதியின் பிளேடுகளை விமானத்தில் மாட்டியபடியே சோதிக்கலாம். முழு என்ஜினையும் இறக்கிப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய தடவைகள் குறைகின்றன. சின்னப் படைக்கு இது பெரிய வரம்.

இந்த என்ஜினைக் கெடுப்பது பறப்பதைவிட ஸ்டார்ட் செய்வதுதான். பேட்டரி தளர்ந்திருந்தால் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும். போதுமான காற்று வருமுன் எரிபொருளைத் திறந்துவிட்டால் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கிக் கிடுகிடுவென ஏறும். மாணவருக்கு அது முதல் வாரமாக இருக்கும், கை உறைந்துவிடும். கோட்டை எவ்வளவு தாண்டியது, எத்தனை விநாடி தாண்டியது என்பதைப் பொறுத்துச் சும்மா ஒரு சோதனையோடு போகலாம், என்ஜினே இறங்கவும் வேண்டியிருக்கலாம். டி-6இல் ஸ்டார்ட்டைக் கவனிக்கத் தனிக் கணினி உண்டு. சூடு எகிறினால் மாணவரின் கையை எதிர்பார்க்காமல் தானே நிறுத்திவிடும். இந்த ஒரு வசதிக்காகவே அந்த விமானத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். பழைய பாணி ஸ்டார்ட் உள்ள விமானத்தை வாங்குகிறவர்கள் தரை மின்சார வண்டிகளைக் கூடவே வாங்கி, காலை முதல் ஸ்டார்ட்டுக்குக் கண்டிப்பாக மாட்ட வேண்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒரு வண்டியின் விலை ஒரு டர்பைன் பிளேடு செட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சரி, டி-6சியையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிசி-9ஐ அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் பீச்கிராஃப்ட் வலுவாக்கிச் செய்த விமானம். அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் சேர்ந்து டி-6 குடும்பத்தில் 700க்கும் மேல் வாங்கியிருக்கின்றன. அத்தனை விமானத்துக்கும் யாரோ ஸ்பேர் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நமக்கு உள்ள பாதுகாப்பு. நியூசிலாந்து 2014இல் 11 டி-6சிகளை 154 மில்லியன் நியூசிலாந்து டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. தரையிலேயே பறப்பைப் பழகும் சிமுலேட்டரும் அதில் சேர்த்தி. போர் விமானப் பிரிவை 2001லேயே கலைத்துவிட்ட படை அது. அங்கே பயிற்சி முடித்தவர்கள் போவது போக்குவரத்து விமானத்துக்கும் ரோந்து விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும்தான். அடுத்த கட்டமாகப் பல என்ஜின் பயிற்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் இரட்டை என்ஜின் கிங் ஏரிலும் பிடி6தான். ஒரே குடும்ப என்ஜின் தெரிந்த மெக்கானிக்குகள் இரண்டு இடத்திலும் கை கொடுக்கலாம். யோசித்துச் செய்த தேர்வு என்றுதான் சொல்வேன்.

டி-6இன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் பாட்டிலில் வருவதில்லை, என்ஜினிலிருந்து எடுத்த காற்றைச் சலித்து விமானமே தயாரித்துக்கொள்கிறது. பாட்டில் நிரப்பும் வேலை மிச்சம். ஆனால் 2018 பிப்ரவரியில் விமானிகளுக்கு மூச்சுக்குறைவு போன்ற அறிகுறிகள் தொடர்ந்து வந்ததால் அமெரிக்க விமானப்படை தன் டி-6கள் எல்லாவற்றையும் சில வாரம் பறக்காமல் நிறுத்தியது. ஆக்சிஜன் அளவு ஏறி இறங்கியிருந்தது விசாரணையில் தெரிந்தது. பெரிய படைக்கு அதைத் துருவிப் பார்க்கச் சொந்த ஆய்வகம் உண்டு. நமக்கு இல்லை. இதை வாங்குகிறவர்கள் அந்தக் கருவியின் பராமரிப்பு அட்டவணையை முதல் நாளே கேட்டு வாங்கி, அதற்கென்று ஓர் ஆளைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும்.

பிலாட்டஸ் விமானங்களைத் தொட்டுப் பார்த்தால் வேலைப்பாடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பேனல்கள் இடுக்கில்லாமல் உட்காரும், பின் இருக்கை உயரமாக இருப்பதால் பயிற்றுநருக்கு ரன்வே தெரியும். பிசி-21 உச்சம்: அடிப்படைப் பயிற்சியிலிருந்து போர் விமானத்துக்கு முந்தைய படி வரை ஒரே விமானத்தில் நடத்தலாம். ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்த விமானம் மட்டும் போதாது. சிமுலேட்டர், திட்டமிடும் மென்பொருள், அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள் என்று ஒரு பள்ளிக்கூடமே கூட வர வேண்டும். சிங்கப்பூர் 2006இல் அப்படித்தான் செய்தது. 19 பிசி-21, ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில், லாக்ஹீட் மார்ட்டின் பராமரிப்பில். படை சின்னதுதான், பை பெரியது. அந்த வசதி இல்லாதவர்கள் பிசி-21ஐப் பார்த்து ஆசைப்பட்டு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வாங்குவது தப்பு. அவர்களுக்குப் பொருந்துவது பிசி-7 எம்கேஎக்ஸ். பழைய பிசி-7 எம்கே 2வின் உடலும் எளிமையும், காக்பிட் மட்டும் புதுசு. நெதர்லாந்து தன் பழைய பிசி-7களுக்கு மாற்றாக இதைத்தான் எடுத்திருக்கிறது. அயர்லாந்து பிசி-9எம்மோடு பிறகு பிசி-12களையும் வாங்கியது. ஒரே உற்பத்தியாளர், ஒரே குடும்ப என்ஜின்.

கொரியாவின் கேடி-1 பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, அது அநியாயம். பெரு வாங்கிய 20இல் பெரும்பாலானவற்றை அங்கேயே, அவர்களுடைய பராமரிப்புத் தளத்திலேயே கோர்த்தார்கள். சொந்தக் கையால் கோர்த்த விமானத்தைச் சரிசெய்யும் தெம்பே வேறு. சூப்பர் டுக்கானோ இறக்கையில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு வரும் தாக்குதல் விமானம். எல்லைக் காவலும் வேண்டும், பயிற்சியும் வேண்டும் என்றால் நல்லது. புது மாணவரை நேராக அதில் ஏற்றுவது செலவுக்கும் நல்லதில்லை, மாணவருக்கும் நல்லதில்லை.

க்ரோப் ஜி 120டிபி தனி ரகம். கலப்புப் பொருள் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது) உடல், 456 குதிரைத்திறன், பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். மாணவரின் முகமும் கையும் தெரிவது ஆரம்பப் பாடத்தில் எவ்வளவு பெரிய உதவி என்று எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும் சொல்வார். ஆரம்பத்துக்கு இது, அப்புறம் நேராகப் போக்குவரத்து விமானம் என்கிற படைக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஒன்றே ஒன்று: கலப்புப் பொருளில் அடிபட்டால் தகரம் தட்டுவது போல் தட்டி ரிவெட் அடிக்க முடியாது. அதற்கென்று சூடும் ஈரமும் கட்டுப்படுத்திய அறை வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும்.

ஜெட்டுகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். செக் நாட்டு எல்-39 அருமையான விமானம், 2,800க்கும் மேல் செய்தார்கள். பழையதின் ஏஐ-25டிஎல் என்ஜின் உக்ரைனின் சப்போரிஜியா நகரத் தொழிற்சாலையைச் சார்ந்தது. அங்கே போர் தொடங்கிய பிறகு அதை நம்பிப் புதிதாக இறங்குவது முடியாத காரியம். புதிய எல்-39என்ஜியில் அமெரிக்க எஃப்ஜே44 என்ஜின் போட்டு அந்தக் கவலையைத் தீர்த்திருக்கிறார்கள். எம்-346, டி-50 இரண்டும் போர் விமானம் வைத்திருக்கும் படைக்கானவை.

ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி வீசும் எஜெக்‌ஷன் சீட்டைப் பற்றி விற்பனைக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சீட்டுக்குள் இருக்கும் வெடி கார்ட்ரிட்ஜ்களுக்கு ஆயுள் உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் தேதி முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெடிபொருள் என்பதால் சாதாரண சரக்கு விமானத்தில் சுலபமாக வராது, உரிமம் வேண்டும், தனிக் கிடங்கு வேண்டும். 2022 ஜூலையில் இந்தக் கார்ட்ரிட்ஜ் கோளாறு சந்தேகத்தால் அமெரிக்க விமானப்படையே 76 டி-6களையும் 203 டி-38 ஜெட் பயிற்சி விமானங்களையும் நிறுத்தியது. விமானம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே முதல் இரண்டு சுற்று கார்ட்ரிட்ஜ்களுக்கான தேதியை எழுதி வாங்கிவிட வேண்டும். சீட்டே வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒற்றை என்ஜின் விமானத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளையை அனுப்புகிறோம்.

இன்னொரு நாட்டின் கையெழுத்தில் நம் விமானம் நிற்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2006இல் வெனிசுவேலா சூப்பர் டுக்கானோ வாங்கப் போனது. விற்பது பிரேசில், ஆனால் உள்ளே அமெரிக்கப் பாகங்கள் இருந்ததால் அமெரிக்கா தடுத்தது. கடைசியில் சீனாவின் கே-8 ஜெட் பயிற்சி விமானம்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. 2019இல் சுவிஸ் வெளியுறவுத் துறை, சவுதியிலும் எமிரேட்ஸிலும் பிலாட்டஸ் தந்துவந்த பராமரிப்புச் சேவையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்றாலும், இடைப்பட்ட காலத்தில் ஹேங்கரில் இருந்தவர்களின் நிலைமையை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

எங்கள் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஒரு காக்பிட் திரை அடிக்கடி அணைகிறது என்று உற்பத்தியாளருக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பி வந்தது, கோளாறு எதுவும் இல்லை என்ற சீட்டோடும் ஒரு பில்லோடும். மாட்டினோம், அன்றைக்கே அணைந்தது. கோளாறு திரையில் இல்லை, பின்னால் இருந்த இணைப்பானின் ஓர் ஊசி தளர்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கருவி விலைப்பட்டியலில் தனி வரியாக, விருப்பப்பட்டால் வாங்கலாம் என்று இருந்தது. பணத்தை மிச்சம் பிடிக்க யாரோ அதை அடித்துவிட்டார்கள். விருப்பம் என்று போட்டிருக்கும் தரைக்கருவிகளை ஒவ்வொன்றாக ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்காமல் யாரும் அடிக்கக் கூடாது.

டெமோவுக்கு வரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாதி எரிபொருளில், நிறுவனத்தின் சிறந்த விமானி ஓட்டினால் எந்த விமானமும் அழகாகத்தான் சுழலும். இறங்கியதும் உங்கள் மெக்கானிக் இருவரிடம் உங்கள் டூல் பெட்டியைக் கொடுத்து, என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். எத்தனை வேறு பாகங்களை முதலில் விலக்க வேண்டியிருக்கிறது, கை நுழைகிறதா, தனி டூல் கேட்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சம்மதிக்கிற நிறுவனத்துக்கு அங்கேயே ஒரு மதிப்பெண்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு விமானம் வாங்கும், போர் விமானம் இல்லாத படைக்கு என் முதல் தேர்வு டி-6சி. ஆக்சிஜன் கருவிக்கு ஆள் ஒதுக்க முடியாது என்றால் பிசி-7 எம்கேஎக்ஸ். பட்ஜெட் இன்னும் இறுக்கமா, க்ரோப். எதை எடுத்தாலும் சிமுலேட்டரை ஒப்பந்தத்திலிருந்து வெட்ட விடாதீர்கள். ஒரு விமானத்தைக் குறைத்தாவது அதை வாங்குங்கள். ஸ்டார்ட்டில் சூடு எகிறும் அந்த முதல் வாரத்துத் தவறை மாணவர் அங்கே செய்துகொள்ளட்டும்.

புதுசுக்கே வழியில்லை என்கிறவர்களுக்கு: பின்லாந்து 2016இல் பிரிட்டனிடமிருந்து பழைய க்ரோப் ஜி 115இ விமானங்கள் 28 வாங்கி ஆரம்பப் பயிற்சிக்கு வைத்தது. பழையது வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாக்புக் முதல் பக்கத்திலிருந்து முழுதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு விமானமும் எத்தனை மணி நேரம் சாகசப் பறப்பில் போயிருக்கிறது என்று இறக்கைக் களைப்புக் கணக்கு எழுத்தில் வேண்டும். அந்த இரண்டும் கையில் வராத விமானத்துக்கு எந்த விலை சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.