கட்டாய ஓட்டா, விருப்ப ஓட்டா? பாம்பன் கரையிலிருந்து ஒரு கணக்கு

வருகை
கட்டாயம்: ஆஸ்திரேலியாவில் 1924 முதல் சட்டம், சுமார் 90 சதவீதம் பேர் போடுகிறார்கள்.
விருப்பம்: தொகுதிக்குத் தொகுதி ஏறி இறங்கும்.

செலவு
கட்டாயம்: அங்கே தகுந்த காரணமின்றிப் போடாதவருக்கு 20 டாலர் அபராதம். சனிக்கிழமை வாக்குப்பதிவு, முன்கூட்டியே போடும் வசதி, தபால் ஓட்டு எல்லாம் உண்டு.
விருப்பம்: அபராதம் இல்லை. ஆனால் கூலி போகும். ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு யார் கொடுப்பது? படகு போகாவிட்டால் பங்கே இல்லை.

எளிமை
இங்கேதான் கட்டாயம் தடுக்கி விழும். மக்களவைத் தேர்தலுக்கு இங்கே ஓட்டுப் போட்ட 2024 ஏப்ரல் 19-ல் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. விடியலில் கரையேறி, வலையில் சிக்கிய மீனைக் கழற்றி, ஏலம் முடித்துவிட்டுத்தான் பூத்துக்கு நடக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் நேரில் வந்தால்தான் ஓட்டு. விமானக் கட்டணத்துக்கு முன் 20 டாலர் எம்மாத்திரம்!

யாரையும் பிடிக்கவில்லை என்றால்
இரண்டிலும் நோட்டா வைக்கலாம். இங்கே 2013 முதல் இருக்கிறது.

குஜராத் உள்ளாட்சியில் கட்டாயம் கொண்டுவந்தது. 2015-ல் உயர்நீதிமன்றம் தடை போட்டது. கடலோரத்துக்கு இப்போதைக்கு விருப்ப ஓட்டே பொருந்தும். தபால் ஓட்டு மீனவருக்கும் வந்தபின் கட்டாயத்தைப் பேசலாம்.