வினாச்சொற்கள்: பட்டியல் வழியா, பதில் வழியா?

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்காள் மகளுக்கு ஆங்கில வினாச்சொற்களைச் சொல்லித்தரும் பொறுப்பு இந்தக் கோடை விடுமுறையில் என் தலையில் விழுந்தது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நாம் எல்லோரும் படித்த பட்டியல்: 'வாட்' என்றால் என்ன, 'வேர்' என்றால் எங்கே. மற்றது, பதிலை முதலில் எழுதிவைத்து அதிலிருந்து கேள்வியை உருவுவது. பட்டியலில் தொடங்கிய நான் நான்காம் நாளே கட்சி மாறிவிட்டேன்.

பட்டியலில் மொத்தம் ஒன்பது சொல். ஒரே மாலையில் மனப்பாடமாகிவிடும். ஆனால் மறுநாள் அவள் எழுதியது, "வேர் யூ ஆர் கோயிங்?" தமிழில் "நீ எங்கே போகிறாய்", "எங்கே போகிறாய் நீ" இரண்டும் செல்லும். ஆங்கிலத்தில் 'ஆர்' எழுவாயைத் தாண்டி முன்னே வந்தாக வேண்டும். அது பட்டியலில் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது 'டிட்' என்ற ஒற்றைச் சொல். "ராமு புரோக் த கிளாஸ்" என்று நோட்டில் எழுதச் சொன்னேன். உடைத்தது யார் என்று கேட்க, ராமுவை அடித்துவிட்டு (பேனாவால்தான்) அதே இடத்தில் 'ஹூ' போட்டால் போதும்: "ஹூ புரோக் த கிளாஸ்?" எதை உடைத்தான் என்று கேட்கும்போதுதான் வேலை கூடுகிறது. 'த கிளாஸ்' அடிபடுகிறது, 'வாட்' முன்னால் போகிறது, 'டிட்' உள்ளே நுழைந்து இறந்தகாலத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது, 'புரோக்' பழையபடி 'பிரேக்' ஆகிறது: "வாட் டிட் ராமு பிரேக்?" எழுவாயைக் கேட்டால் 'டிட்' வேண்டாம், செயப்படுபொருளைக் கேட்டால் வேண்டும். பட்டியலில் வளர்ந்த நான் கல்லூரி வரை "ஹூ டிட் பிரேக்" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'ஹூம்' பற்றி அதிகம் மெனக்கெடவில்லை. பேச்சில் ஆங்கிலேயர்களே பெரும்பாலும் 'ஹூ' என்று முடித்துக்கொள்கிறார்கள். "நீ எத்தனையாவது பிள்ளை?" என்பதற்கோ இரண்டு வழியும் கைவிரிக்கும், 'எத்தனையாவது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே கிடையாது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பதில் வழியை நான் முயன்றதில்லை. அங்கே பட்டியலே போதுமாயிருக்கலாம். அக்காள் மகளிடமும் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. "அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது" என்பதை நேற்று "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி" என்று எழுதியிருந்தாள். இங்கே 'ஹி இஸ்' என்றே நிற்க வேண்டும். பட்டியலோடு விட்டிருந்தால் இதை மட்டும் அறியாமலே சரியாக எழுதியிருப்பாள்.